நாலு கல்லு உயரம்

அவருடைய வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல்தட்டிலிருந்து ஐஸ் கட்டி எடுக்க வேண்டுமென்றால் முக்காலி போட்டு ஏற வேண்டும். முக்காலியை எடுப்பதற்கு எட்டிக் கைநீட்ட வேண்டும். அது அலுமாரிக்கு மேல் இருக்கும். அலுமாரி நாலு சீமெந்துக் கல்லில் நிற்கும். கட்டில், மேசை, தையல் மெசின், அரிசிப் பீப்பா, கோழிக்கூடு எல்லாமே நாலு கல்லில்தான். அந்த வீட்டில் நிலத்தோடு நேரடித் தொடர்பு வைத்திருந்தவை அவருடைய கால்களும் விருந்தாளிகளுடைய கால்களும் மட்டுமே. விருந்தாளி கதிரையில் உட்கார்ந்துவிட்டால் அதுவும் இல்லை. கதிரைக்கும் கல் உண்டு. கால் எட்டாமல் தொங்கப் போட்டுக்கொண்டு நான் அங்கே பல தடவை தேநீர் குடித்திருக்கிறேன். அந்த நிலையில் இருந்துகொண்டு யாருடனும் வாதம் செய்து வெல்ல முடியாது.

ஊர் அவரை நாலுகல்லு அக்கா என்றது. ஞானஸ்நானத்தில் வைத்த அழகான பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அதை எழுதினால் யாழ்ப்பாணக் கரையோரத்துக் கொழும்புத்துறையில் ஒருவருக்கும் ஆளை அடையாளம் தெரியாது என்பதால் எழுதவில்லை. தபால் கந்தோரில் முத்திரை விற்று ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார். சேமக்காலையில் அவருடைய கல்லறை அயலில் உள்ள கல்லறைகளைவிடத் தெளிவாக உயரம். "மனுசன் இருக்கேக்கை ஒரு நாளும் எனக்கு மேலாலை கதைச்சதில்லை. இப்பவாவது உயரத்திலை இருக்கட்டும்" என்பார்.

அவருடைய வரவேற்பறையில் ஓர் அந்தோனியார் சுருவம் இருந்தது. ஒவ்வொரு மாரிக்கும் அதன் பீடத்துக்கு ஒரு கல் சேரும். நான் பார்த்தபோது புனிதரின் தலைக்கும் ஓட்டுக்கும் இடையில் ஒரு சாண்தான் மிச்சம். "பரலோகத்துக்குப் போக அவருக்கு இன்னும் ஒரு கல்லுப் போதும்" என்று பங்குத்தந்தையே சொல்லிவிட்டுச் சிரித்தாராம்.

நான் அந்த நாட்களில் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்தேன். அச்சகமொன்றில் பிழை திருத்துகிற வேலை. மற்றவர்கள் எழுதிய ஒற்றுப் பிழைகளைச் சுழித்துச் சுழித்து, உலகமே ஒரு 'க்' விடுபட்டதால்தான் இப்படிக் கிடக்கிறது என்று நம்பத் தொடங்கியிருந்த வயது. வீட்டுக்கு வந்த முதல் நாள், லொறியிலிருந்து இறங்கிய புத்தகப் பெட்டிகளை அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"இஞ்சேரும் தம்பி, உந்தப் பெட்டியளை நிலத்திலை வையாதேயும். நாலு கல்லு வையும்."

"கடல் அங்கையெல்லோ அக்கா கிடக்கு?"

"ஓம், இப்ப அங்கைதான் கிடக்கு" என்றார்.

கார்த்திகையில் கடல் இங்கே வந்தது. வந்து, என் அலுமாரியின் அடித்தட்டை மட்டும் படித்துவிட்டுப் போனது. அடித்தட்டில் நான் வைத்திருந்தவை மெய்யியல் நூல்கள். எனக்கு விளங்காதவை என்பதால் அங்கே வைத்திருந்தேன். கடலுக்கும் விளங்கவில்லை போலும், எல்லாவற்றையும் கூழாக்கிவிட்டிருந்தது. அக்கா வந்து பார்த்தார். "நான் சொன்னனான் தானே" என்றார். இது அவருடைய ஆமென். எந்தக் காரியமும் இந்தச் சொல்லோடுதான் முடியும்.

எந்தத் துன்பத்துக்கும் அவரிடம் மருந்து ஒன்றுதான். எனக்கு இடுப்புப் பிடித்தபோது கட்டிலின் தலைமாட்டுக்கு இரண்டு கல் வைக்கச் சொன்னார். என் மனைவியின் கோழி அடை கிடக்க மறுத்தபோது கூட்டுக்கு நாலு கல். நான் எழுதியனுப்பிய கட்டுரை ஒன்று திரும்பி வந்ததை என் மனைவி அவரிடம் சொல்லிவிட்டாள். அன்று பின்னேரமே கல்லோடு வந்தார். "மேசையை உயர்த்தி வைச்சு எழுதிப் பாரும். நீர் எழுதிறது கொஞ்சம் தாழ்வாய் இருக்குதாக்கும்."

சிரிப்பதற்கு நன்றாயிருந்தது. ஆனால் சிரித்தவர்கள் ஒவ்வொருவராகக் கல் வாங்கத் தொடங்கினார்கள். முன்பெல்லாம் மாரியில் மட்டும், அதுவும் பெரு மழைக்குப் பிறகுதான் தெருவுக்குத் தண்ணீர் வரும். இப்போது வெயில் காயும் பௌர்ணமியில், வானத்தில் ஒரு முகில்கூட இல்லாத நாளில், வாய்க்கால் வழியாகப் பின்பக்கம் நடந்து வந்து குசினி வாசலில் நின்றது. "முந்தியெண்டால் கடல் சம்பந்தி மாதிரி. நாள் பார்த்து, சொல்லி அனுப்பி, வந்து போகும். இப்ப மருமோன் மாதிரி. நினைச்ச நேரம் வந்து நிக்குது" என்றார் அக்கா.

அவருடைய மகளைக் கட்டிய மருமகன் அந்த நேரம் பக்கத்தில்தான் நின்றார். உரும்பிராயில் வாழைத்தோட்டம் வைத்திருந்த, அதிகம் பேசாத நல்ல மனிதர். வரும்போதெல்லாம் ஒரு குலை இதரை வாழைப்பழமும் ஒரு விண்ணப்பமும் கொண்டு வருவார்.

"மாமி, எங்களோடை வந்திருங்கோ. உரும்பிராயிலை தண்ணியைப் பார்க்கிறதெண்டால் கிணத்துக்கைதான் எட்டிப் பார்க்க வேணும்."

"வாறன், வாறன்."

"போன வரியமும் வாறன் எண்டுதான் சொன்னனீங்கள்."

அக்கா வெளியே கையைக் காட்டினார். வீட்டுக்கு எதிரே கடல் நீரேரிக்குள் ஒரு மணல்திட்டி. வற்று நேரத்தில் முழங்காலளவு தண்ணீரில் நடந்தே போகலாம். முதுகைக் கொஞ்சம் வெளியே காட்டிக்கொண்டு படுத்திருக்கிற எருமை போல இருக்கும். ஒவ்வொரு வருடமும் கோடையில் வீசும் சோளகக் காற்றோடு சின்ன ஆலாக்கள் அங்கே வந்து முட்டையிடும். புறாவிலும் சிறிய வெள்ளைக் கடற்பறவை. கருந்தொப்பி, மஞ்சள் மூக்கு, பிளந்த வால்.

"உந்தத் திட்டியை விட்டு ஆலா எண்டைக்குப் போகுதோ, அண்டைக்கு நான் உம்மடை லொறியிலை ஏறுறன். அதுவரைக்கும் உதைப்பற்றிக் கதைக்கப்படாது. தம்பி, நீர் சாட்சி."

மருமகன் திட்டியை ஒருமுறை பார்த்தார். தோட்டக்காரர் அல்லவா, நிலத்தைப் பார்த்தால் மதிப்புப் போடத் தெரியும். பிறகு என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு விளங்கியது. சண்டை பிடிக்கத் தேவையில்லை, இன்னும் ஒரு வருடம் பொறுத்தால் போதும் என்கிற சிரிப்பு.

இவ்வளவுக்கும் அக்காவுக்கு ஆலாவோடு நல்ல உறவு என்று சொல்ல முடியாது. அவருடைய வாழ்க்கைத் தத்துவத்தை உலகிலேயே அதிகமாக அவமதித்த உயிர் அதுதான். கூடு கட்டாது. மரம் தேடாது. மணலில் நெஞ்சால் ஒரு சிறு குழி தோண்டி, கடல் பார்க்கப் பார்க்க, நிலத்திலேயே முட்டை இடும்.

"உதுகளுக்கு அறிவிருக்கோ? ரெண்டு சிப்பியை இஞ்சாலையும் அங்காலையும் வைச்சிட்டு வீடு எண்டுதுகள்! ஒரு கல்லாவது வைக்கலாம்தானே!"

திட்டும்போதும் கண்ணை எடுக்க மாட்டார். வைகாசி வெயிலில் மணல் அடுப்பாகக் கொதிக்கும் நேரம், தாய்ப் பறவை எழுந்து போய்த் தண்ணீரில் வயிற்றை நனைத்துக்கொண்டு வந்து முட்டை மேல் உட்காரும். அதை எனக்குக் காட்டியவர் அவர்தான். "பாரும், குளிச்சிட்டு ஈரத்தோடை வந்து இருக்குது. வெக்கை கூடக் கூட உதுக்கு வேலையும் கூடுது. முந்தி இப்பிடி நிமிசத்துக்கொருக்கால் ஓடினதில்லை" என்றார். குரலில் கோபம் இல்லை.

அப்படியான ஒரு வைகாசியில்தான் ஆராய்ச்சிப் பெண் வந்து சேர்ந்தாள். கோயம்புத்தூர்க்காரி. அருகிவரும் கடற்பறவைகள், கடல்மட்டம் உயர்வதால் முட்டையிட இடமின்றிப் போவதைப் பற்றிப் படிக்கிறவள். முழங்கால்வரை வரும் சப்பாத்து, முதுகில் பெரிய கமராப் பை. என்னை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்ளும்படி யாரோ சொல்லியிருந்தார்கள். தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்க ஆள் எதற்கு என்று நினைத்தேன். ஐந்து நிமிடத்தில் விளங்கியது.

வாசலில் அவளைக் கண்டதும் அக்கா என்னைப் பார்த்து, "பாவம், பாரமெல்லோ! தம்பி, உதை வாங்கும்!" என்றார்.

அந்தப் பெண் ஓரடி பின்வாங்கினாள். "ஐயோ, வேண்டாங்க்கா! சார் என்ன தப்புப் பண்ணினாருங்க? அவரு எதுக்குங்க உதை வாங்கணும்?"

பிழை திருத்துநனுக்கு வாழ்க்கையில் இப்படியான சந்தர்ப்பம் அடிக்கடி கிடைப்பதில்லை. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு விளக்கினேன். இது என்றால் எனக்குக் கிட்ட இருப்பது. அது என்றால் இருவருக்கும் தூரத்தில் இருப்பது. உது என்றால் உங்களுக்குக் கிட்ட இருப்பது. பழைய தமிழ், நீங்கள் அங்கே தொலைத்துவிட்டீர்கள், நாங்கள் இங்கே வைத்திருக்கிறோம். ஆகவே 'உதை வாங்கும்' என்றால் 'உங்கள் முதுகிலிருக்கிற பையை நான் வாங்க வேண்டும்' என்று பொருள். பொருளை விளக்கி முடிக்கும்வரை பாரத்தை அவளே சுமந்துகொண்டு நின்றாள் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

"அப்போ உதைன்னா உதை இல்லீங்களா?"

"உதை எண்டால் உதைதான் பிள்ளை" என்றார் அக்கா. "உள்ளுக்கு வா. கதிரையிலை ஏறு."

இருவருக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போனது. பொதுவாக அக்கா எல்லோரையும் 'நீர்' என்பார். அவளை மட்டும் வந்த நிமிடத்திலிருந்தே 'நீ' என்றார். அது ஒரு பதவி உயர்வு. அவள் சொன்ன விஞ்ஞானத்தை அக்கா குறுக்கிடாமல் கேட்டார். உலகம் சூடாகிறது, கடல் உயர்கிறது, காலம் தப்பி மழையும் புயலும் வருகின்றன, தாழ்ந்த மணலில் முட்டையிடுகிற பறவைகளுக்குத்தான் முதல் அடி விழுகிறது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா தீர்ப்புச் சொன்னார்:

"அப்ப நாலு கல்லு வைக்க வேண்டியதுதானே?"

அந்தப் பெண் சிரிக்கவில்லை. "அதேதானுங்க்கா. சில ஊர்ல கூட்டை உயர்த்தி வைக்கிறாங்க. ஆனா..."

அக்கா அந்த 'ஆனா'வுக்குக் காத்திருக்கவில்லை. மறுநாள் விடிய நாங்கள் எழும்பு முன்பே தனியாகத் திட்டிக்குப் போய், கரையோரம் இருந்த ஒரு கூட்டை, மணலும் சிப்பியும் முட்டையுமாகச் சட்டியில் அள்ளி, நாலு கல் அடுக்கி, மேலே ஒரு பழைய ரயர் வைத்து மணல் நிரப்பி, உச்சியில் குடியேற்றிவிட்டு வந்துவிட்டார். தாய்ப் பறவை வந்தது. குழி இருந்த இடத்தில் இறங்கியது. முட்டையைக் காணவில்லை. தலைக்கு மேலேயே முட்டை இருக்க, கீழே மணலைச் சுற்றிச் சுற்றி நடந்தது. வெயில் ஏறியது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முட்டை கையில் வைத்திருக்க முடியாத சூடு. அது பொரிக்கவில்லை.

அந்தப் பெண் திட்டவில்லை. "கொஞ்சங் கொஞ்சமாத்தான் உயர்த்தணுங்க்கா" என்றாள். "இன்னிக்கு ரெண்டு விரக்கடை. அது வந்து உக்காந்து பழகினதும் இன்னொரு ரெண்டு விரக்கடை. ஒரேயடியாத் தூக்குனா தன் வீடுன்னு அதுக்குத் தெரியாதுங்க."

அன்று முழுவதும் அக்கா ஒருவரோடும் கதைக்கவில்லை. 'நான் சொன்னனான்' என்று சொல்ல இடமில்லாத ஒரு நாளை நான் அவரில் கண்டது அப்போதுதான். பின்னேரம் மருமகன் வாழைக்குலையோடு வந்து, வழமையான விண்ணப்பத்தைத் தொடங்கியபோது மட்டும் வாயைத் திறந்தார்.

"உரும்பிராய் நாலு கல்லு உயரமோ?"

"அதுக்கு மேலையும் இருக்கும் மாமி. நல்ல மேட்டுநிலம்."

"அதுதான் பயமாக்கிடக்கு" என்றார். மருமகனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது, ஆனால் நான் தேநீரைக் குடித்தேன்.

அடுத்த நாளிலிருந்து காலை வெயில் ஏறுமுன் மூவரும் திட்டிக்குப் போனோம். தாழ்வான கூடுகளை மட்டும், ஒவ்வொரு தடவையும் இரண்டு விரலளவு. குழிக்குக் கீழே மணலை அணைத்து, சிப்பிகளைத் தாய் வைத்த மாதிரியே திருப்பி வைத்து, ஓடி வந்துவிட வேண்டும். பறவைகள் எங்கள் தலையைக் குறிபார்த்து எச்சமிட்டன. மற்ற இருவரும் தொப்பி போட்டிருந்தார்கள். எனக்குத் தொப்பி அணிந்தால் முகம் அமையாது என்றொரு எண்ணம் இளமையிலிருந்தே உண்டு. ஒரே வாரத்தில் அது தீர்ந்தது.

பறவைகள் பழகின. திட்டியில் கூடுகள் சிறு சிறு மேடுகளாக எழும்பின. அப்போதுதான் வானொலியில் தாழமுக்கம், கடும் மழை வரும் என்றார்கள்.

வைகாசியில் மழை! யாழ்ப்பாணத்தில் வைகாசி என்பது கிணறு வற்றும் மாதம், மாம்பழ மாதம். மழை ஐப்பசிக்குரியது. ஆனால் வங்காள விரிகுடாவுக்கு மாதம் மறந்துபோய்விட்டது. தெற்குக் காற்று தொடங்கி, நீரேரித் தண்ணீரையெல்லாம் எங்கள் கரைக்குத் தள்ளியது. எருமையின் முதுகு சுருங்கிக்கொண்டே வந்தது. இரண்டு விரலளவு கணக்கு இனிப் போதாது, நேரமில்லை. ஒரேயடியாக உயர்த்தினால் என்னவாகும் என்பதையும் கண்டுவிட்டோம்.

"அப்ப கூட்டை விடுவம். கடலை மறிப்பம்" என்றார் அக்கா. "மண்மூட்டை."

எங்கள் தலைமுறை யாழ்ப்பாணத்தாருக்கு முறையாகத் தெரிந்த ஒரே கட்டடக் கலை மண்மூட்டை அடுக்குவதுதான். பங்கர் வெட்டி வளர்ந்தவர்கள் நாங்கள். உரப்பையில் எவ்வளவு மண் போட வேண்டும், வாயை எந்தப் பக்கம் மடிக்க வேண்டும், இரண்டாம் வரியை எப்படிப் பொருத்து மறைய வைக்க வேண்டும் என்று யாரும் எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மருமகனின் தோட்டத்து உரப்பைகள் வந்தன. எதற்கென்று தெரியாமல் அவரே கொண்டு வந்து தந்தார். அக்காவின் கணவர் விட்டுப்போன சின்ன வள்ளத்தில் பைகளை ஏற்றித் தள்ளிக்கொண்டு போய், அன்று பகல் முழுதும் கூடுகளைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு ஒரு வட்டம் எழுப்பினோம். குண்டுக்காக அடுக்கிய கையால் ஒரு குருவிக்காக அடுக்குவது எனக்கு என்னவோ செய்தது. பெரிதாக ஏதாவது நினைக்கலாம் என்று இருந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டதால் நினைக்கவில்லை.

மறுநாள் விடியற்காலை மழை கொட்டியது. மூவரும் போனோம். தண்ணீர் இடுப்பளவு. வெளியே கடல் மூட்டையின் மேல்வரியை நக்கிக்கொண்டிருந்தது, ஆனால் ஏறவில்லை. அக்காவும் நானும் கடல் பக்கம் நின்று, அலை அடிக்கிற மூட்டைகளுக்கு முதுகைக் கொடுத்துத் தாங்கினோம். அந்தப் பெண் கரைப் பக்கம் நின்றாள்.

"நான் சொன்னனான் தானே! ஒரு சொட்டு உள்ளுக்கு வரேல்லை!" என்று அக்கா மழைக்கு மேலால் கத்தினார்.

உண்மைதான். கடல் ஒரு சொட்டும் வரவில்லை. மழை வந்துகொண்டிருந்தது. நாங்கள் எவ்வளவு நன்றாகக் கட்டியிருந்தோமென்றால், உள்ளே விழுந்த மழை வெளியே போக ஒரு துளை இல்லை. கடலைத் தடுக்கக் கட்டிய அரண் அழகான ஒரு தொட்டியாக மாறிவிட்டிருந்தது. இதை அக்காவும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை; எங்கள் இருவருக்கும் எதிரி வெளியேதான் இருக்கிறான் என்பது பழக்கம். திரும்பிப் பார்த்தபோது தாழ்ந்த கூடுகளின் சிப்பிகளைத் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் ஆலாக்கள் இறங்க முடியாமல் கிரீச்சிட்டன.

இதற்குள் காற்றும் மாறியிருந்தது. கரைப் பக்கத்தில் வெளித்தண்ணீர் உள்ளே நின்றதைவிடக் கீழே இறங்கிவிட்டிருந்தது. அதை அந்தப் பெண் மட்டும் கண்டிருக்கிறாள். ஒரு மூட்டையைத் திறந்தால் உள்ளே இருப்பது ஓடிவிடும். ஆனால் அக்கா கட்டிய அணை. அவள் குனிந்து ஒரு மூட்டையில் கை வைத்து, அனுமதி கேட்டு அக்காவைப் பார்த்தாள்.

அணையில் கை வைக்கிறவளை அக்கா கண்டார். உயிர் போகிற குரலில் கத்தினார்:

"பிள்ளை, உதை விடு! உதை விடு!"

எங்கள் ஊரில் இதற்கு அர்த்தம், 'அதைத் தொடாதே, அப்படியே விடு' என்பது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு கற்பித்த பாடம்தான். ஆனால் அது வெயிலில் படித்த இலக்கணம். மழைக்குள், பதற்றத்துக்குள், அவளுக்குக் காது கோயம்புத்தூருக்குப் போய்விட்டது. ஒரு கணம் அக்காவை நன்றியோடு பார்த்தாள். பிறகு சப்பாத்துக் காலைத் தூக்கி, ஊன்றி ஒரு உதை விட்டாள்.

மூட்டை பிதுங்கி வெளியே போனது. பக்கத்து மூட்டையும் கூடவே போனது. தொட்டித் தண்ணீர் முழுவதும் அந்த வாயால் சுழித்துக்கொண்டு ஓடியது. அக்கா 'ஐயோ மாதாவே' என்று கண்ணைப் பொத்திக்கொண்டார். இனிக் கடல் உள்ளே வரும் என்று நானும் காத்து நின்றேன். வரவில்லை. உள்ளே ஈர மணல் தெரிந்தது. மேடுகள் தெரிந்தன. மேடுகளின் மேல், சிப்பிகளுக்கு நடுவே, புள்ளி போட்ட முட்டைகள் அப்படி அப்படியே கிடந்தன. ஓரத்தில் ஓரிரண்டு மட்டும் உருண்டு போயிருந்தன.

மழை தூறலாகக் குறைந்ததும் முதல் ஆலா இறங்கியது. தன் மேட்டில் ஏறி, ஈரச் சிறகை உதறி, முட்டையை மூக்கால் ஒருக்கால் திருப்பிவிட்டு உட்கார்ந்தது. பிறகு இன்னொன்று. அந்தப் பெண் முழங்காலில் இருந்து அழுதாள். "அக்கா, நீங்க மட்டும் அந்த நேரத்துல சொல்லலைன்னா எனக்குத் தைரியமே வந்திருக்காதுங்க" என்றாள்.

அக்கா முகத்து மழையை வழித்துவிட்டார். என்னைப் பார்த்தார். அங்கே நின்றவர்களில் அந்த இலக்கணம் தெரிந்த சாட்சி நான் ஒருவன்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

"நான் சொன்னனான் தானே" என்றார் அக்கா.

எழுத்துப்படி பார்த்தால் ஒரு பிழையும் இல்லை.

பின்னேரம் மருமகன் லொறியோடு வந்து சேர்ந்தார். மழையைக் கண்டதும் இன்றைக்குத்தான் அந்த நாள் என்று முடிவு கட்டி, கயிறு, பழைய சாக்கு, கை கொடுக்க இரண்டு பேர் என்று ஆயத்தமாக வந்திருந்தார். அக்கா அவரைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கையைக் காட்டினார். திட்டியில் வெள்ளை வெள்ளையாக ஆலாக்கள் இருந்தன. மருமகன் நெடுநேரம் பார்த்தார். மூட்டைகளையும் பார்த்தார்.

"உது என்ரை உரப்பையெல்லோ மாமி?"

"ஓம். நல்ல பை."

அவர் சிரித்துவிட்டார். அடுத்த வாரம் லொறி மறுபடி வந்தது. சனங்கள் எட்டிப் பார்த்தார்கள், அக்கா போகப்போகிறார் என்று. லொறி நிறையச் சீமெந்துக் கல். "மாமி, உதுகளை எங்கை இறக்கிறது?" என்று கேட்டார் மருமகன். அக்கா முதல்முறையாக அவரை மகன் என்று கூப்பிட்டு, "வாரும் மகன், முதல்லை தேத்தண்ணியைக் குடியும்" என்றார்.

குஞ்சுகள் பொரித்தன. மணல் நிறத்தில், ஓடினால் மட்டும் தெரிகிற குஞ்சுகள். அவை பறந்தன. ஆராய்ச்சிப் பெண் ஊருக்குத் திரும்பினாள். அவளுடைய ஆய்வில் 'உள்ளூர்ப் பெண்மணி ஒருவரின் தக்க தருணத்து அறிவுறுத்தல்' என்றொரு வரி இருக்கிறது. படித்துப் பார்க்கத் தந்தாள். நான் அந்த வரியைத் திருத்தவில்லை.

கடைசியில் அந்தக் கரையை விட்டுப் போனது நான்தான். அச்சக வேலை போய், மனைவியின் ஊரான சண்டிலிப்பாய்க்கு வந்துவிட்டேன். சுற்றிலும் மரவள்ளியும் புகையிலையும். புத்தகங்கள் எல்லாம் தைரியமாக நிலத்தில் கிடக்கின்றன. அக்காவோடு வருடத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. சோளகம் தொடங்கியதும் அவரே எடுப்பார். "வந்திட்டுதுகள்" என்பார். வைத்துவிடுவார்.

இந்த வருடம் காற்றுத் தொடங்கியும் அழைப்பு வரவில்லை. மாம்பழம் முடிந்தது. கடல் இந்த முறை அதிகம் ஏறியிருக்கிறது என்று கேள்விப்பட்டேன். நானாக எடுக்கப் பயமாக இருந்தது. உரும்பிராயிலிருந்து அவர் பேசினால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. பிறகு ஒரு காலையில் அவரே எடுத்தார்.

"தம்பி, திட்டி போச்சுது. கடலுக்கை மூழ்கிட்டுது."

"அப்ப... உரும்பிராய்க்கோ அக்கா?"

"விசர்க் கதை கதையாதேயும். திட்டிதான் போச்சுது. எங்கடை மூட்டை கிடக்குதெல்லோ? பை உக்கி, மண் சரிஞ்சு, மேலை சிப்பி படிஞ்சு, வளையமாய்க் கிடக்கு. அதுதான் இப்ப திட்டி. இவ்வளவு நாளும் உங்கினை சுத்திச் சுத்திப் பார்த்துக்கொண்டு திரிஞ்சுதுகள். நேற்று ஏறி முட்டை வைச்சிட்டுதுகள். உயரத்திலை! கடைசியா உதுகளுக்கு அறிவு வந்திட்டுது!"

நான் கதிரையில் சாய்ந்தேன். கால் நிலத்தில் பட்டது. ஆனால் பிழை திருத்துகிறவனுக்குச் சந்தோசத்திலும் ஒரு பிழை கண்ணில் பட்டுவிடும்.

"அடுத்த வரியம் கடல் இன்னும் ஏறினால் என்னக்கா செய்யிறது?"

மறுமுனையில் காற்றும் ஆலாக்களின் கிரீச்சும் கேட்டன.

"உதை விடும்" என்றார் அக்கா.

எந்த ஊர் அர்த்தத்தில் என்று நான் கேட்கவில்லை.